மாடிப்படிக் குறிப்புகள்

கொரிய இயக்குநர் கிம் கி-யங்கின் ‘ஹான்யோ’ படத்தில் அந்த வீட்டைக் கட்டியது யார் என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. தையல் மிஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள் மனைவி. கணவன் டோங்-சிக் இசை ஆசிரியன்; ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறான். அந்தச் சம்பளத்தில் மாடி வீடு எழும்பாது. அவள் தைத்துத் தைத்துச் சேர்த்த பணத்தில்தான் எழும்பியிருக்கிறது. இப்போது மூன்றாவது பிள்ளை வயிற்றில். உடம்பு முடியவில்லை. வீடோ பெரிதாகிவிட்டது, பெருக்கித் துடைக்க ஆள் வேண்டும். அப்படித்தான் அந்தப் பெண் உள்ளே வருகிறாள்.

1960 நவம்பரில் சியோலில் வெளியான கறுப்பு வெள்ளைப் படம். வீட்டுவேலைக்கு வந்தவள் எஜமானனோடு உறவுகொண்டு, கர்ப்பமாகி, குடும்பத்தையே கவிழ்க்கிறாள் என்று கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் நாம் எப்போதோ பார்த்த பத்துப் படங்கள் நினைவுக்கு வரும். ஆனால் படத்தில் கதையைவிட வீட்டின் அமைப்புதான் அதிகம் பேசுகிறது. கீழே குடும்பம் புழங்கும் அறைகள், சமையலறை. மேலே பியானோ அறை. பியானோ அறைக்குப் பக்கத்து அறையில் வேலைக்காரப் பெண். இரண்டு அறைகளுக்கும் வெளிப்பக்கம் கண்ணாடிக் கதவுகள், ஒரு பால்கனி. கேமரா பல நேரம் வெளியே நின்று, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் சுவரோரமாக நகர்கிறது. அந்தக் குடும்பம் தன் ஆகப்பெரிய பெருமையையும், தன் வீட்டில் ஆகக் கடைசி ஆளையும் ஒரே தளத்தில் குடிவைத்திருக்கிறது. இடம் போதாததால் செய்திருப்பார்கள். புதுப்பணக்காரர்கள்கூட இல்லை அவர்கள். புதிதாகக் கொஞ்சம் வசதி வந்தவர்கள், அவ்வளவுதான்.

ஒரு மழை இரவு. பியானோ கற்க வரும் கியோங்-ஹீ என்ற ஆலைப் பெண், டோங்-சிக்கிடம் தன் காதலைச் சொல்கிறாள். அவன் அவளை உதறுகிறான். வெளியே பால்கனியில் நனைந்தபடி வேலைக்காரப் பெண் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். லீ உன்-ஷிம் என்ற நடிகையின் முகம் அது. அதில் பொறாமை இருக்கிறதா, பசி இருக்கிறதா, வேடிக்கை பார்க்கும் பிள்ளையின் ஆர்வம்தானா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கியோங்-ஹீ போனபின் அவள் உள்ளே வந்து, இத்தனை நாள் துடைக்க மட்டுமே உரிமையிருந்த பியானோவின் கட்டைகளைத் தட்டுகிறாள். எல்லா விமர்சகர்களும் அடுத்து வருவதைப் பற்றி எழுதுகிறார்கள்: வெளியே மரத்தில் விழும் இடி. நான் அந்தப் பியானோவிலேயே நின்றுவிடுகிறேன். அவள் ஆசை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆண் அதற்குப் பிறகு வருகிறான். அவனும் அந்த அறையின் தட்டுமுட்டுச் சாமான்களில் ஒன்றுதான்.

*

கொரியப் போர் 1953-இல் நின்றது. கிராமங்களில் நிலமும் இல்லை, சோறும் இல்லை. பெண்பிள்ளைகள் சியோலுக்கு வந்தார்கள். அவர்களுக்கு இரண்டு வாசல்கள் திறந்திருந்தன: ஒன்று ஆலை, மற்றது அடுத்தவர் வீட்டுச் சமையலறை. சமையலறைக்குப் போனவர்களை ‘சிக்மோ’ என்றார்கள். சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்தால் போதும், கையில் கொஞ்சம் காசு கொடுத்தால் பெரிய மனசு. அதனால் சாதாரண வருமானக் குடும்பங்களும் ஒரு சிக்மோ வைத்துக்கொண்டன. பின்னால் சியோலில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தபோது, சிலவற்றின் வரைபடத்திலேயே சமையலறையை ஒட்டி அவளுக்கென்று ஒரு பொந்து போன்ற அறை இருந்தது.

படத்தில் ஆலையும் சமையலறையும் ஒட்டியே இருக்கின்றன. டோங்-சிக்குக்குக் காதல் கடிதம் கொடுத்த பெண் ஆலைக்காரி. அவன் மேலிடத்தில் புகார் சொல்லி, அவள் வேலை போய், பின்னால் உயிரும் போகிறது. பியானோ கற்க வருபவள் ஆலைக்காரி. வேலைக்காரப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ப்பதும் அவளே. டோங்-சிக் கடிதத்தைக் காட்டிக்கொடுத்தது ஒழுக்கத்துக்காக என்று நினைத்துக்கொள்கிறான். வேலை போய்விடுமோ என்ற நடுக்கம்தான் அது. ஒழுக்கமும் நடுக்கமும் அவனுக்குள் பிரிக்கமுடியாமல் கலந்திருக்கின்றன. நல்லவன்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லவும் மனம் வரவில்லை.

இந்த நடுக்கத்தை வேலைக்காரப் பெண் சரியாகப் பிடித்துவிடுகிறாள். அவள் கர்ப்பம் தெரிந்ததும் மனைவி நயமாகப் பேசி, மாடிப்படியிலிருந்து விழவைத்துக் கருவைக் கலைக்கிறாள். அதன் பிறகு வேலைக்காரியின் கையில் இருக்கும் ஆயுதம் ஒரே ஒரு வாக்கியம்: ஆலையில் போய்ச் சொல்லிவிடுவேன். வேலை போனால் வீடு போகும். ஆகவே மனைவி தட்டில் சோறு எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுகிறாள், தன் கணவனுக்கும் அவளுக்கும் பரிமாற. எஜமானியும் வேலைக்காரியும் இடம் மாறிக்கொள்ள ஒரு மாடிப்படி போதும், புரட்சி எதுவும் தேவையில்லை. மேலேயும் கீழேயும் இருப்பவர்களுக்கு நடுவே உள்ள தூரம் அவ்வளவு குறைச்சல். நேற்று அந்த மனைவியே இன்னொரு வீட்டில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கலாம்.

*

எலி வரும் இடம். சமையலறை அலமாரியில் எலியைக் கண்டு வீடே அலறுகிறது. வேலைக்காரப் பெண் முகம் சுளிக்காமல் கையாலேயே அதை எடுக்கிறாள். அந்தக் குடும்பம் அவளைப் பார்த்து முதன்முதலாகக் கூசுவது அப்போதுதான். அருவருப்பான வேலையைச் செய்யத்தான் அவளை வைத்திருக்கிறார்கள். அவள் அருவருப்பில்லாமல் அதைச் செய்துவிட்டால் பொறுக்கவில்லை.

அலமாரியில் எலி மருந்துப் புட்டி. அதை ஒருமுறை காட்டிவிட்டால் போதும், அதற்குப் பிறகு பார்வையாளன் எந்தக் குவளையையும் நிம்மதியாகப் பார்க்கமாட்டான். மனைவி அதை வேலைக்காரிக்குக் கலந்து கொடுக்கிறாள். புட்டியில் முன்கூட்டியே சர்க்கரைத் தண்ணீரை மாற்றி வைத்திருக்கிறாள் அவள். பிறகு அவள் அந்த வீட்டுச் சிறுவனிடம் அவன் குடித்த தண்ணீரில் விஷம் இருப்பதாகச் சொல்கிறாள். விஷம் இருக்கிறது என்ற பேச்சே அவனைப் படியில் உருட்டிவிடுகிறது. (அந்தச் சிறுவனாக நடித்தவர் அன் சுங்-கி. பின்னாளில் கொரிய சினிமாவின் பெரிய நாயகர்களில் ஒருவரானார்.)

கடைசியில் அவளும் டோங்-சிக்கும் சேர்ந்தே விஷம் குடிக்கிறார்கள். சாவதற்கு அவன் மனைவியிடம் போகவேண்டும். படியிறங்குகிறான். அவள் அவன் காலை விடவில்லை. தலைகீழாக, ஒவ்வொரு படியிலும் தலை இடிபட, அவனோடு இழுபட்டுக்கொண்டே இறங்குகிறாள். அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. ஏற உதவிய அதே படிகளை இயக்குநர் ஒன்றுவிடாமல் எண்ணவைக்கிறார்.

அதோடு படம் முடியவில்லை. எல்லாம் டோங்-சிக் செய்தித்தாளில் படித்த செய்தியைச் சுற்றி எழுந்த கற்பனை என்று ஆகிறது. அவன் கேமராவைப் பார்த்துச் சிரித்து, வயதான ஆண்களுக்கு இளம்பெண்கள் மேல் சபலம் வருவது சகஜம், உங்களுக்கும் வரலாம் என்ற தோரணையில் நம்மைச் சுட்டுகிறான். தணிக்கைக்குப் பயந்து ஒட்டவைத்த முடிவு என்று பலர் ஒதுக்குகிறார்கள். இருக்கலாம். ஆனாலும் அந்தச் சிரிப்பு படத்தில் எனக்குப் பிடித்த இடங்களில் ஒன்று. ஏப்ரல் 1960-இல் மாணவர் எழுச்சி சிங்மன் ரீயின் ஆட்சியைக் கவிழ்த்தது. 1961 மே மாதம் பார்க் சுங்-ஹீயின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இடையில் கிடைத்த குறுகிய காலத்தில் வந்த படம் இது. எல்லோரும் கொஞ்சம் துணிந்து பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு நடுத்தர வீட்டுக்காரன் தன் கெட்ட கனவைச் சொல்லிவிட்டு, சும்மா சொன்னேன் என்று சிரிக்கிறான். அவன் மனைவி பக்கத்தில்தான் இருக்கிறாள்.

*

கிம் கி-யங் பல் மருத்துவம் படித்தவர். பல் மருத்துவராகத் தொழில் செய்தது அவர் மனைவி; அந்த வருமானம் கணவரின் பல படங்களுக்கு முதலாகப் போனது. இது தெரிந்தபின் தையல் மிஷின் காட்சிகளைப் பழையபடி பார்க்க முடியவில்லை. சம்பாதிக்கும் மனைவி, கலையைக் கட்டிக்கொண்டு அழும் கணவன், அவள் உழைப்பில் நிற்கும் வீடு. இதே கதையை அவர் திரும்பத் திரும்ப எடுத்தார். 1971-இல் ‘ஹ்வான்யோ’, அதில் மனைவி கோழிப்பண்ணை நடத்துகிறாள். 1982-இல் மறுபடியும் அதே. சொந்த வீட்டுக்குள்ளிருந்து எழும் ஒரு கூச்சத்தை வேறு வேறு கூரைகளின் கீழ் அவர் சோதித்துப் பார்த்ததாகவே இதை எடுத்துக்கொள்கிறேன். அவரைக் கேட்டால் மறுத்திருப்பார்.

கொரியாவிலேயே அவரைப் பெரும்பாலும் மறந்திருந்தார்கள். 1997-இல் பூசான் திரைப்பட விழா அவருடைய படங்களைத் தொகுத்துத் திரையிட்டது. இளைஞர்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். அடுத்து பெர்லினில் திரையிடுவதாக இருந்தது. அதற்குள் 1998 பிப்ரவரியில் வீட்டில் பற்றிய தீயில் அவரும் மனைவியும் இறந்துபோனார்கள்.

‘ஹான்யோ’வின் மூல நெகட்டிவில் இரண்டு ரீல்கள் கிடைக்கவில்லை. பிறகு அகப்பட்ட ஒரு பழைய திரையிடல் பிரதியில் அந்தப் பகுதி இருந்தது, ஆனால் மேலே கையால் எழுதிய ஆங்கில சப்டைட்டில்கள். கொரியத் திரைப்படக் காப்பகமும் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் உலகத் திரைப்பட அறக்கட்டளையும் சேர்ந்து, அந்த எழுத்துகளை ஃப்ரேம் ஃப்ரேமாக அழித்துப் படத்தை மீட்டெடுத்தன. 2008-இல் கான் விழாவில் காட்டினார்கள். நாம் பார்ப்பது அந்தப் பிரதி. சில காட்சிகள் திடீரென மங்கலாகித் தெளிவதற்குக் காரணம் இதுதான்.

*

2010-இல் இம் சாங்-சூ அதே தலைப்பில் எடுத்த படத்தைப் பழையதன் மறு ஆக்கம் என்கிறார்கள். கதைச் சட்டகம் மட்டும்தான் பழையது.

இந்த வீடு யாரும் தைத்துக் கட்டியதல்ல. எப்போதும் இருந்துவந்த பணம். பளிங்குத் தரை, பெரிய சரவிளக்கு, மது அறை. எஜமானன் ஹூன் காலையில் பியானோவில் பேத்தோவன் வாசித்துவிட்டு அலுவலகம் போகிறான். டோங்-சிக்குக்கு இசைதான் பிழைப்பு. இவனுக்கு அது வெறும் பழக்கம். மனைவி ஹே-ரா இரட்டைப் பிள்ளைகளைச் சுமக்கிறாள். மகள் நாமிக்காகவும் பிரசவத்துக்காகவும் உன்-யி வேலைக்கு வருகிறாள். ஜியோன் டோ-யியோன் நடிக்கிறார்.

அவள் செய்யும் வேலைகளைப் படம் நிதானமாகக் காட்டுகிறது. எஜமானியின் உள்ளாடையைக் கையால்தான் துவைக்கவேண்டும். குளியல் தொட்டிக்குள் இறங்கிக் குனிந்து தேய்க்கவேண்டும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் மீந்ததைச் சாப்பிடலாம், மீந்த ஒயினைக் குடிக்கலாம். ஓர் இரவு ஹூன் கையில் ஒயின் புட்டியோடு அவள் அறைக்கு வருகிறான். மறுநாள் காசோலை தருகிறான். அவளுக்கு அவன்மேல் உண்மையாகவே ஆசை இருந்தது. படம் அதை மறைக்கவில்லை, அவளைப் பழிக்கவுமில்லை. அந்தக் காசோலையைப் பார்க்கும்போது அவள் முகம் ஒரு நொடி குழம்புகிறதே, அந்தக் குழப்பத்துக்காகவே ஜியோன் டோ-யியோனை இன்னொரு தடவை பார்க்கலாம்.

இங்கே யாருக்கும் யாரைப் பார்த்தும் பயமில்லை. 1960-இல் அந்தக் குடும்பம் அவளுக்குப் பயந்தது, ஊருக்குப் பயந்தது, ஆலை முதலாளிக்குப் பயந்தது. ஹூனுக்குப் பயப்பட எதுவுமே இல்லை. பயம் போனபின் ஆசைக்கும் முதுகெலும்பு போய்விடுகிறது. மீதமிருப்பது எடுத்துச் சாப்பிடும் பழக்கம்தான். டோங்-சிக் நடுங்கியதில் குறைந்தது அந்தப் பெண்ணைப் பற்றிய ஓர் அங்கீகாரமாவது இருந்தது. அவளால் தன்னை அழிக்கமுடியும் என்று அவன் நம்பினான். ஹூன் அவளைப் பற்றி எதையும் நம்பத் தேவையில்லை.

விஷம்கூட கைமாறிவிட்டது. பழைய படத்தில் புட்டியைக் காத்தவள் வேலைக்காரி. இங்கே ஹூனின் மாமியார் மி-ஹீ, மாடியில் ஏணிமேல் நின்று சரவிளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும், கர்ப்பமான உன்-யியை எதேச்சையாகத் தட்டியதுபோல் தள்ளிவிடுகிறாள். அவள் பிழைத்ததும் பணம் பேசுகிறார்கள். அதுவும் பலிக்காதபோது ஹே-ரா மூலிகைக் கஷாயப் பொட்டலத்தில் மருந்தைக் கலக்கிறாள். கொரியாவின் தொழிலாளர் தரச் சட்டம் 1953-இல் வந்தபோதே வீட்டுவேலை செய்பவர்களை வெளியே நிறுத்திவிட்டது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழியாக வேலைக்குப் போகிறவர்களுக்கென ஒரு தனிச்சட்டம் 2022 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. ஏணியிலிருந்து விழுந்தவளை வேலையில் அடிபட்ட தொழிலாளி என்று யாரும் குறித்துக்கொள்ளப் போவதில்லை. மாமியாருக்கு அது தெரியும்.

கரு கலைந்ததும் ஹூன் மாமியாரிடம் கோபப்படுகிறான்: உங்கள் மகள் பெறுவது மட்டும்தான் என் பிள்ளையா? முதலில் கேட்டபோது நியாயமான கோபம்போலத் தோன்றியது. இன்னொரு முறை கேட்டபோது, தன் சொத்தில் கைவைத்தவர்களிடம் கேட்கும் கணக்காக இருந்தது.

*

இந்தப் படத்தில் நான் பார்த்துக்கொண்டே இருப்பது பியோங்-சிக்கை. வீட்டில் வெகுகாலமாக இருக்கும் மூத்த பணிப்பெண். மகன் அரசு வழக்கறிஞராகிவிட்டான், அவள் இன்னும் இங்கேதான். உன்-யி கர்ப்பமென்று உன்-யிக்கே தெரியும்முன் அவளுக்குத் தெரிகிறது. உடனே போய் மாமியாரிடம் சொல்கிறாள். விசுவாசம் என்று நான் சொல்லமாட்டேன். இத்தனை வருடம் அந்த வீட்டின் அழுக்கைத் துடைத்தவளுக்கு, எந்த அழுக்கை யாரிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்ற பழக்கம் கையிலேயே ஏறிவிட்டிருக்கிறது. பிறகு ஒருநாள் வேலையை விட்டு நிற்கிறாள். உன்-யி கடைசியாக வீட்டுக்குள் வர வழியும் விடுகிறாள். ஏன் அன்றைக்கு, ஏன் அதற்கு முன்பே இல்லை என்று படம் விளக்குவதில்லை. நல்லதாயிற்று.

நடித்தவர் யுன் யோ-ஜோங். 1971-இல் கிம் கி-யங்கின் ‘ஹ்வான்யோ’வில் வேலைக்காரப் பெண்ணாக வந்தவர் அவரேதான், அதுவே அவருக்கு முதல் படம். 2021-இல் ‘மினாரி’க்காக ஆஸ்கர் வாங்கியபோது, மேடையில் தன் முதல் இயக்குநருக்கு நன்றி சொன்னார். இறந்து இருபது வருடத்துக்கு மேலான ஒருவருக்கு. 1971-இன் அந்தப் பெண் சாகாமல் அதே வீட்டில் வயதாகியிருந்தால் இப்படித்தான் நின்றிருப்பாளோ என்று 2010-இன் பியோங்-சிக்கைப் பார்த்து நினைக்காமல் இருக்கமுடியவில்லை.

உன்-யியின் முடிவு எனக்கு ஒப்பவில்லை. குடும்பம் முழுக்கப் பார்த்திருக்க, அதே சரவிளக்கில் தூக்கிட்டு, தன்னைக் கொளுத்திக்கொள்கிறாள். பழிவாங்க அவளிடம் மிஞ்சியிருந்தது தன் உடம்பு மட்டும் என்ற நியாயம் புரிகிறது. என்றாலும் இயக்குநர் அந்தத் தீயின் அழகில் மயங்கிவிட்டார் என்ற சந்தேகம் போகவில்லை. அதைவிட எனக்கு முக்கியம் அதற்குப் பின் வரும் சின்னக் காட்சி: திறந்தவெளியில், பனியில், நாமியின் பிறந்தநாள். பெற்றோர் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், வாழ்த்துகிறார்கள். குழந்தை நம்மைப் பார்க்கிறாள்.

நாமி வளர்ந்துவிட்டாள். இம் சாங்-சூ 2012-இல் எடுத்த ‘பணத்தின் சுவை’யில் அதே பெயருள்ள பெரிய வீட்டுப் பெண், சிறுவயதில் தன் கண்முன் எரிந்த பணிப்பெண்ணைப் பற்றிச் சொல்கிறாள். படமாக அது சுமார்தான், பாதிக்கு மேல் அறிக்கை வாசிக்கிறது. ஆனால் அந்த வீட்டின் எஜமானியாக வருவது மறுபடியும் யுன் யோ-ஜோங். 1971-இல் வேலைக்காரி, 2010-இல் மூத்த பணிப்பெண், 2012-இல் பணிப்பெண்ணைக் கொல்லச் சொல்லும் முதலாளி அம்மா. கொல்லப்படுபவள் ஏவா, பிலிப்பைன்ஸ்காரி. கிராமத்திலிருந்து வரும் கொரியப் பெண்கள் இப்போது கிடையாது. கடல் தாண்டி வரவேண்டியிருக்கிறது. எஜமானனும் அவளும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்.

2024 ஆகஸ்டில் சியோல் நகரம் ஒரு முன்னோட்டத் திட்டத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து 100 பெண்களைப் பிள்ளை பார்க்கவும் வீட்டுவேலைக்கும் வரவழைத்தது. அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் தரத்தான் வேண்டுமா என்ற சண்டை நெடுநாள் ஓடியது. ஆள் கேட்டு விண்ணப்பித்த குடும்பங்களில் நிறையப் பேர் பணக்காரக் கங்னம் பகுதிக்காரர்கள். பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆங்கிலம் வந்துவிடும் என்பது அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது.